கடல் கடந்து தாதித் தொழில் கற்ற காலம்

(பங்கின் வைரவிழாவை முன்னிட்டு நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தாதியர் மூவர் சேர்ந்து எழுதி, அவர்களில் ஒருவர் வாசித்த உரை)

விழாக் குழுவினர் எங்களை அழைத்து, "நீங்கள் சீமைக்குப் போய் நர்சுக்குப் படித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்று கேட்டபோது முதலில் தயங்கினோம். இரவெல்லாம் வார்டில் நின்று பழகியவர்கள்தாம். ஒலிபெருக்கி முன்னால் நின்று பழகியவர்கள் அல்லர். யார் வாசிப்பது என்று சீட்டுப் போட்டோம். சீட்டு விழுந்தவர் வாசிக்கிறார். பேசுவது மூவரும் என்று கொள்ளுங்கள்.

இந்தப் பங்கிலிருந்து 1971-இல் இருவரும் 1973-இல் இருவருமாக நான்கு பெண்கள் இங்கிலாந்துக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனோம். இருவர் தோட்டத்துப் பிள்ளைகள், பால்மரம் வெட்டிய தாய் தந்தையருக்குப் பிறந்தவர்கள். ஒருவர் கிராணியார் மகள். இன்னொருவர் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தவர். நால்வரும் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். உள்நாட்டில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது அன்று எங்களுக்குக் குதிரைக்கொம்பாக இருந்தது. இங்கிலாந்திலோ, 1948-இல் தொடங்கிய அரசாங்க மருத்துவச் சேவைக்கு ஆள் போதவில்லை. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரீசியசு, மலேசியா என்று பல திசைகளிலிருந்தும் பெண்களை எடுத்தார்கள். படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களே மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்து, தங்க இடமும் கொடுத்து, அதற்கான வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பிளேன் டிக்கெட்டுக்குத்தான் வழி தேட வேண்டும். ஒரு வீட்டில் கூட்டுப் பணம் எடுத்தார்கள். ஒரு வீட்டில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. அந்தக் கொடி திரும்பி வர மூன்று ஆண்டு ஆயிற்று என்பது அந்த மகளுக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

விண்ணப்பத் தாள்கள் வந்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்லிவைக்கிறோம். ஒருவரின் தாளில் "ஸ்டூடண்ட் நர்ஸ்" என்று அச்சடித்திருந்தது. மற்றொருவரின் தாளில் "பியூப்பில் நர்ஸ்" என்று இருந்தது. இரண்டாமவரின் அப்பா, இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆங்கிலம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டுக்கும் மாணவி என்றுதான் பொருள், கவலைப்படாதீர்கள்" என்றார். அகராதிப்படி அவர் சொன்னது சரிதான். அப்பா மன நிறைவோடு கையெழுத்துப் போட்டார். அன்றைய பங்குச் சாமியார் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். சுபாங் விமான நிலையத்துக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வழியனுப்ப வந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார்கள். திரும்பும்போது அழுதுகொண்டே போனதாகக் கேள்வி.

நாங்கள் போய்ச் சேர்ந்தது வட இங்கிலாந்தில், லங்காஷயர் வட்டாரத்தில், பஞ்சாலைகளால் வாழ்ந்து அப்போது நொடித்துக்கொண்டிருந்த ஒரு நகரம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பனி, குளிர், மாலை நான்கு மணிக்கே வந்துவிடும் இருட்டு, வெந்த முட்டைக்கோசும் வெந்த உருளைக்கிழங்கும், இவற்றையெல்லாம் சீமை போனவர்கள் எல்லாரும் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். தாதியர் விடுதிச் சமையலறையில் ஒருநாள், ஊரிலிருந்து வந்த பிளாச்சானை அனலில் வாட்டினோம். விடுதிக் காப்பாளர் அம்மையார் சாக்கடை உடைந்துவிட்டது என்று எண்ணி ஆளை அனுப்பிவிட்டார். அந்த ஆள் வந்து தரையைக் குடைந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

முதல் அதிர்ச்சி எங்கள் பெயரில் வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தகப்பன் பெயரும்தான். அங்கே கடைசியில் இருப்பதே அழைக்கும் பெயர். அப்பாவின் பெயர் சூசை என்றால் மகள் வார்டில் "நர்ஸ் சூசை". ஊரில் தகப்பன் பெயரைச் சொல்லவே வாய் கூசும் பெண்களை, நாள் முழுதும் தகப்பன் பெயரால் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவே எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. கூப்பிட்டும் வராத பெண்கள் என்று பெயர் வாங்கினோம்.

அடுத்தது "சிஸ்டர்". கான்வென்டில் படித்த எங்களுக்குச் சிஸ்டர் என்றால் கன்னியர்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசரைத் தவிர வேறு யாரையும் பார்த்திராத இருவருக்கு, அங்கே வார்டுத் தலைவிக்கும் அதே பெயர் என்பது தெரியாது. கருநீல உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக நின்ற சிஸ்டருக்கு முதல் நாள் பயபக்தியோடு கைகட்டி நின்று வணக்கம் சொன்னோம். இடைவேளையில் அவர் அலுவலறையில் உட்கார்ந்து சிகரெட்டுப் பற்ற வைத்ததைப் பார்த்து நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

ஆங்கிலம் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். கான்வென்ட் ஆங்கிலம், இலக்கண சுத்தமான ஆங்கிலம். அந்த ஊர்க் கிழவர்கள் பேசியது வேறு. ஒரு பாட்டி மெல்லிய குரலில், ஒரு பென்னி செலவழிக்க வேண்டும் என்றார். எங்களில் ஒருவர் அவருடைய கைப்பையைத் தேடி எடுத்து, நாணயத்தைக் கையில் வைத்தார். பாட்டி அழும் நிலைக்கு வந்துவிட்டார். சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை அங்கே வயதானவர்கள் அப்படித்தான் நாகரிகமாகச் சொல்வார்கள். பொதுக் கழிப்பறைக் கதவு திறக்க ஒரு பென்னி போட்ட காலத்து வழக்கம். நாம் மட்டும் என்ன, "ஒன்றுக்குப் போகணும்" என்றால் வெள்ளைக்காரருக்கு விளங்குமா?

இந்த இடத்தில் அந்தப் பஞ்சாலைக் கிழவிகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தறிக்குப் போனவர்கள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூடத்தில் இரைந்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே அவர்கள் உதட்டைப் பெரிதாக அசைத்து, முகத்தாலும் கையாலும் பேசக் கற்றிருந்தார்கள். பாதிப் பேருக்குக் காது போயிருந்தது. வாய்ப் பேச்சு மட்டும் வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சத்தமில்லாமல் ஓடும். எங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் உச்சரிப்பு எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்தால் இருவருக்கும் புரிந்தது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சிஸ்டருக்குத் தெரியாமல் ஒரு கிழவி உதட்டாலேயே "அவளுக்கு இன்று கோபம், தள்ளி நில்" என்று எங்களுக்குச் செய்தி சொல்வார்.

அவர்களுடைய மூச்சு வேறு இழுக்கும். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து வரும் நோய் அது. அங்கே அதற்குத் தனிப் பெயர் உண்டு, நட்ட ஈடும் உண்டு. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய ஆண்களுக்கு வேறு இழுப்பு. அவர்களுடைய கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது, விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன எங்கள் அம்மாவின் கை நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர் என்றால் தோட்டத்துத் துரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். துரைக்கு அவருடைய நாட்டில் இப்படிக் கூலிக்காரச் சொந்தங்கள் இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எல்லாரும் அன்பாக இருந்தார்கள் என்று சொன்னால் பொய். "உன் கறுப்புக் கையால் என்னைத் தொடாதே" என்ற நோயாளிகள் உண்டு. ஒரு வார்டில் அதைக் கேட்ட சிஸ்டர், "அப்படியானால் வெள்ளைக் கை ஒன்று ஓய்வாகும்வரை ஈரத்திலேயே படுத்திருங்கள், இன்றைக்கு ஓய்வாகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அந்த மனிதர் எங்களையே கூப்பிட்டார். இன்னொரு வார்டில் இன்னொரு சிஸ்டர் எதுவும் பேசாமல் எங்களை வேறு வார்டுக்கு மாற்றினார். இரண்டாவது சம்பவம்தான் எங்களை அதிகம் வருத்தியது. வீட்டுக்கு எழுதிய நீல ஏர்மெயில் தாள்களில் இந்த இரண்டையும் நாங்கள் எழுதவில்லை. "நலம், நலமறிய ஆவல், பனி அழகாக இருக்கிறது" என்று எழுதினோம்.

இப்போது அந்த "மாணவி" என்ற சொல்லுக்கு வருவோம்.

முதல் எட்டு வாரம் வகுப்பறைப் பயிற்சி. பொம்மைக்குக் குளிப்பாட்டுவது, மூலை மடித்துப் படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது. 1971-இல் போன இருவரும் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாம் என்று ஆசையாக இருந்தார்கள். முதல் நாளே இரண்டு அறையாகப் பிரித்தார்கள். ஸ்டூடண்ட் என்றால் மூன்று ஆண்டுப் பயிற்சி. முடிவில் அரசுத் தேர்வு எழுதி, பதிவு பெற்ற தாதி ஆகலாம். பியூப்பில் என்றால் இரண்டு ஆண்டு. முடிவில் கிடைப்பது "என்ரோல்டு" என்னும் இரண்டாம் நிலை. இது 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே ஏற்பட்ட ஏற்பாடு. அந்த நாட்டிலேயே இருந்து வேலை செய்பவருக்கு அதுவும் ஒரு பிழைப்புத்தான். வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும், மேலே போகும் வழியும் பெரும்பாலும் முதல் நிலைக்கே. வேலையோ ஒன்றுதான். அதே பெட்பேன், அதே ராத்திரி டியூட்டி. இடுப்புப் பட்டையின் நிறம் மட்டும் வேறு.

இருவருக்கும் பள்ளித் தேர்வில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ஒருவருக்கு மூன்றாண்டு, ஒருவருக்கு இரண்டாண்டு என்று வந்ததற்குக் காரணம் இன்றுவரை எங்களுக்குப் புலப்படவில்லை. விண்ணப்பம் எந்தக் கையால் போயிற்றோ, எந்த ஆண்டில் எந்த வகுப்பில் இடம் காலியாக இருந்ததோ.

அவர் உடனே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் நம் வளர்ப்பு குறுக்கே நின்றது. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பது நமக்கு மரியாதை. கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்டால் நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். நமக்கு அது "ஆமாம்". அவர்கள் கண்ணுக்கு அது "இல்லை". வாயைத் திறந்து பதில் சொல்லாததால் நம்பிக்கை இல்லாதவள் என்றும், நேரே முகம் பார்க்காததால் எதையோ மறைப்பவள் என்றும் நினைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து, அறைத் தோழியான அயர்லாந்துப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் எங்களவர் அலுவலகத்தில் போய்க் கேட்டார். அந்த அயர்லாந்துப் பெண்கள் எதற்கும் வாயாடுவார்கள். சோற்றில் உப்பில்லை என்றாலும் போய்க் கேட்பார்கள். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து பார்த்து இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, தாளில் கையெழுத்து இருக்கிறது. இரண்டு, "அமைதியான பெண், கேள்வி கேட்பதில்லை" என்று ஆசிரியை குறிப்பு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு மூன்றாண்டுப் படிப்பு சிரமமாக இருக்கும்.

நம் ஊரில் அந்தக் குறிப்பை யாராவது எழுதியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நின்றிருப்பார்கள்.

இதுவரை சொன்னது பிறர் செய்தது. இனிச் சொல்வது எங்கள் பிழை. இருவரும் கூடிப் பேசி, இதை வீட்டுக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். அப்பா மனம் உடைவார். அகராதி பார்த்துச் சொன்ன பெரியவர் சங்கடப்படுவார். ஊரில் ஒருத்தி உயர்த்தி ஒருத்தி தாழ்த்தி என்று பேச்சு வரும். எல்லாம் நல்ல எண்ணம்தான். இரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், இந்தப் பங்கிலிருந்து அடுத்த இருவர் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கையிலும் அதே பியூப்பில் தாள். "அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்று அந்தப் பிள்ளை ரயில் நிலையத்தில் கேட்டது. நாங்கள் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் அந்தத் தாளில் கையெழுத்து விழுந்திராது.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் தாளைப் பற்றியே பேசுகிறோம் என்று நினைக்காதீர்கள். அங்கே நாங்கள் கற்றது ஏராளம். ஆணைத் தொட்டுக் குளிப்பாட்டும் கூச்சம் ஒரு வாரத்தில் போனது. நோயாளியை விட அதிகமாகக் கூச்சப்பட்டால் அவருக்குத்தான் தொந்தரவு என்று தெரிந்தது. வயதானோர் வார்டில் முதலில் எங்களுக்குக் கோபம் வந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் ஒருவர் படுத்தால் நான்கு பேர் கட்டிலுக்கடியில் பாய் விரிப்பார்கள். அங்கே பார்வை நேரம் முடிந்தால் மணி அடித்து எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். சில கிழவர்களுக்கு யாருமே வரமாட்டார்கள். "பெற்றவர்களை இப்படிப் போட்டுவிட்டார்களே, இவர்களும் கிறிஸ்தவர்களா?" என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அந்த வார்டில் ஒரு மகள் புதன்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறி வருவார். துவைத்துத் தேய்த்த இரவு உடுப்பைக் கொண்டு வந்து வைத்து, அழுக்கை எடுத்துக்கொண்டு, அம்மாவின் நகத்தை வெட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார். அம்மாவுக்கு மகளை அடையாளமே தெரியாது. அவர் பகலெல்லாம் தொழிற்சாலையில் நிற்பவர், கைக்குழந்தைக்காரி என்று பிறகு அறிந்தோம். அதன்பின் எங்கள் பேச்சு குறைந்தது. கடல் கடந்து போய் உட்கார்ந்துகொண்டு, சொந்தப் பெற்றோரின் நகத்தை வெட்டாத நாங்கள் யாரைச் சொல்வது?

சாவும் அங்கே வேறு. நம் வீட்டில் ஒருவர் போனால் தெருவுக்கே கேட்கும். அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் போனால், மற்றக் கட்டில்களின் திரைகளை இழுத்துவிட்டு, மூடிய வண்டியில் ஓசைப்படாமல் கொண்டுபோவார்கள். காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு. பக்கத்துக் கட்டில்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். முதல் சாவில் எங்களில் ஒருவர் துணி அலமாரிக்குள் போய் நின்று அழுதார். ஆனால் அந்த இரவு, உடலைக் கழுவும்போது மூத்த தாதி செய்ததையும் சொல்ல வேண்டும். "இப்போது உங்களை இடப்பக்கம் திருப்புகிறோம், தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கும்" என்று இறந்தவரிடம் உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே கடைசிவரை பேசினார். முடிந்ததும் சன்னலைத் திறந்துவைத்தார். எதற்கு என்று கேட்டோம். அப்போது கேள்வி கேட்கப் பழகியிருந்தோம். "ஆன்மா போக வேண்டாமா?" என்றார். அவர் கோவிலுக்குப் போகிறவர் அல்லர். இந்தப் பங்கில் நாங்கள் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி உடுத்தியிருக்கிறோம். நாங்கள் முணுமுணுப்பதைக் கண்டு செபம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி நேரம், "சித்தப்பா, இடக்கையைத் தூக்குகிறோம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கிறிஸ்துமஸ் இரவில் தாதியர் எல்லாரும் தங்கள் கருநீல மேலங்கியின் சிவப்பு உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, விளக்கேந்தி, இருட்டாக்கிய வார்டுகளில் பாடிக்கொண்டே நடப்போம். பெரிய டாக்டரே மறுநாள் வார்டில் வந்து வான்கோழி அறுத்துப் பரிமாறுவார். பெந்தெகொஸ்தே வாரத்தில் அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர் வெள்ளுடைப் பிள்ளைகளோடும் கொடிகளோடும் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பார்கள். அதைப் பார்த்ததும் நம் தேர்ப்பவனிதான் நினைவுக்கு வந்தது. பட்டாசும் மேளமும் இல்லை. மழை மட்டும் பெய்தது.

1974 தொடக்கம். சுரங்கத் தொழிலாளர் தகராறால் நாடே வாரத்துக்கு மூன்று நாள் மின்சாரத்தில் தொழில் நடத்திய நேரம், தெருவெல்லாம் இருட்டு. எங்களில் மூத்தவருக்குத் தந்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார், அடக்கம் முடிந்துவிட்டது. ஊருக்குப் போய்வரப் பணமும் இல்லை, இறுதித் தேர்வும் பக்கத்தில். நம் முறைப்படி ஒப்பாரி வைக்க ஓர் ஆள் இல்லை. அயர்லாந்துப் பெண்கள்தான் வந்தார்கள். அவர்கள் ஊரில் இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் உண்டாம். உடல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணுக்குள் இருக்க, அந்தச் சின்ன அறையில் ஏழு பேர் தேநீர் குடித்துக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டு, "உன் அப்பா எப்படிப்பட்டவர், சொல்" என்று கேட்டுக்கொண்டே விடியவைத்தார்கள். காலை ஏழே முக்காலுக்கு டியூட்டி. வார்டுக்குள் போனதும் அந்தக் கடைசிக் கட்டில் பஞ்சாலைக் கிழவி கையைத் தூக்கிக் கூப்பிட்டார். கூப்பிட்டது அப்பாவின் பெயரை. அன்று முழுதும் முப்பது பேர் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஊரில் என்றால் இறந்தவர் பெயரை அன்று யாரும் அத்தனை தடவை சொல்லியிருக்கமாட்டார்கள்.

மூன்றாண்டு முடித்த இருவரும் திரும்பி வந்து, இங்கே பதிவு பெற்று, வேலைக்குப் போய், பதவி உயர்ந்து, ஓய்வூதியத்தோடு இருக்கிறோம். முதல் பியூப்பில் 1975-இல் திரும்பினார். அவர் கொண்டுவந்த சான்றிதழ் இங்கே பதிவு பெற்ற தாதியின் தகுதியாக எண்ணப்படவில்லை. அப்பா அதைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். இறக்கிவிடச் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் 31 ஆண்டுகள், தாதி செய்யும் வேலையை உதவியாளர் சம்பளத்துக்குச் செய்தார். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரர் பலருக்கு முதல் ஊசி போட்ட கை அது. அவரும் இப்போது இந்த மேடையில்தான் நிற்கிறார். இதைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தியதே அவர்தான்.

நான்காமவர், ரயில் நிலையத்தில் கேட்ட அந்தப் பிள்ளை, திரும்பவில்லை. இந்தத் தாளோடு ஊருக்குப் போகமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். அங்கே 1989-இல் புதிய பாடத்திட்டம் தொடங்கி, இரண்டாண்டுப் பயிற்சி படிப்படியாக நின்றுபோன பிறகு, பழைய இரண்டாம் நிலைத் தாதியருக்கான மாற்றுப் படிப்பில் சேர்ந்து, நாற்பது வயதில், தன் மகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படித்து, பதிவு பெற்றார். செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, "அக்கா, இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். எங்களால் பதில் பேச முடியவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் இன்றும் நம் பிள்ளைகள் போகிறார்கள். இங்கிலாந்தில் 2013 முதல் தாதிப் படிப்பு முழுக்கப் பட்டப்படிப்பு ஆகிவிட்டது. இருந்தும் 2019 முதல் அங்கே "நர்சிங் அசோசியேட்" என்று இன்னொரு படி பதிவேட்டில் வந்திருக்கிறது. பெயரில் நர்சிங் இருக்கும். பதிவு பெற்ற தாதி அல்லர். ஜெர்மனியில் 2020 முதல் புதிய மூன்றாண்டுப் பொதுப் பயிற்சி நடக்கிறது. உதவியாளருக்கான குறுகிய பயிற்சி வேறு. இரண்டையும் தமிழில் சொன்னால் மறுபடியும் "நர்சுக்குப் படிக்கிறாள்" என்றுதான் வரும். அகராதி இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சொல்லும் பதில் ஒன்றும் மாறவில்லை.

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் மகளுக்கு வந்த தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நான்கு பக்கம். மூவரும் மாறி மாறி வாசித்தோம். முடிவில் என்ன பட்டம், அந்தப் பட்டம் எந்தப் பதிவேட்டில் ஏறும், திரும்பி வந்தால் நம் தாதியர் வாரியம் அதை ஏற்குமா என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. அந்த மூன்று கேள்வியையும் அந்தப் பெண்ணையே எழுதி அனுப்பச் சொன்னோம். "கேட்டால் கோபித்துக்கொண்டு இடத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டால்?" என்று தாயார் பயந்தார். பெண் பயப்படவில்லை, அங்கேயே உட்கார்ந்து தட்டி அனுப்பிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடி மேசையில் பன்னிரண்டு மணிவரை நாங்கள் மூவரும் இருப்போம். தாள் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடுமுன் கொண்டுவாருங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, மூக்குக் கண்ணாடி எங்களிடம் மூன்று இருக்கிறது.